விண்மீன் முகத்துப் பாதரசம்

புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களின் முன்னிரவில் கீழ்வானிலிருந்து உச்சியை நோக்கி ஏறிவரும் நான்கு விண்மீன்கள் பெரியதொரு சதுரமாய் அமைந்து காண்பார் கண்ணைக் கவர்வன. அவற்றுள் மேற்பால் நிற்கும் இரண்டும் பூரட்டாதி. கீழ்ப்பால் நிற்கும் இரண்டும் உத்திரட்டாதி. இந்நான்கினையும் கட்டிலின் கால்களாகக் காண்பது பஞ்சாங்க மரபு. வடமொழியில் இவற்றுக்கு வழங்கும் புரோஷ்டபாதம் என்னும் பழம்பெயருக்கும் பலகையின் கால் என்றே பொருள் கூறுவர். அச்சொல்லே தமிழர் நாவில் உருண்டு, பூரட்டாதி, உத்திரட்டாதி என இரு நாள்மீன் பெயர்களாகவும், புரட்டாசி என ஒரு திங்களின் பெயராகவும் நிலைத்துவிட்டது. உத்திரட்டாதியின் இரண்டனுள் வடபால் நிற்கும் மீனே இக்கட்டுரையின் பொருள்.

மேலைநாட்டார் இம்மீனுக்கு இட்ட பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 'அல்ஃபெராட்ஸ்' என இன்று அனைத்துலக வானியல் ஒன்றியம் ஏற்றிருக்கும் பெயர், குதிரையின் கொப்பூழ் எனப் பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. ஆயின் விண்மீனோ குதிரைக் கூட்டத்தில் இல்லை. ஆந்திரமேதைக் கூட்டத்தில் இருக்கிறது. தாலமி தம் பட்டியலில் இதனைக் குதிரையின் கொப்பூழாகவும், ஆந்திரமேதை என்னும் இளவரசியின் தலையாகவும் இருவர்க்கும் பொதுவாக வைத்தார். இரண்டாயிரம் ஆண்டுக்காலம் இரு வீட்டுப் பிள்ளையாய் வளர்ந்த இவ்விண்மீனை, 1930இல் வெளியான வான எல்லைப் பகுப்பே இளவரசிக்கு உரியதென்று தீர்த்துவைத்தது. பெயர் மட்டும் பழைய வீட்டின் பெயராகவே நின்றுவிட்டது.

நீலம் கலந்த வெண்மையாய் ஒளிரும் இம்மீன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 97 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வெறுங்கண்ணுக்கு ஒன்றெனத் தோன்றினும் இது இரட்டை விண்மீன். அவற்றுள் பெரியது ஞாயிற்றைப்போல் ஏறக்குறைய 3.8 மடங்கு நிறையும், 2.7 மடங்கு ஆரமும் உடையது. அதன் மேற்பரப்பின் வெப்பம் 13,800 கெல்வின் அளவினது. ஞாயிற்றின் மேற்பரப்போ 5,800 கெல்வினைத் தாண்டுவதில்லை. ஞாயிற்றினும் 200 மடங்குக்கு மேல் ஒளி சொரிகிறது. இவையெல்லாம் அவ்வின விண்மீன்களுக்குப் பெரிதும் இயல்பானவையே. இயல்புக்கு மாறானது அதன் முகம். பாதரசம், மாங்கனீசு, காலியம் ஆகிய தனிமங்கள் அங்கே அளவிறந்து காணப்படுகின்றன. இத்தகைய 'பாதரச-மாங்கனீசு விண்மீன்'களுள் வானில் மிகுந்த ஒளியுடையது இதுவே. ஒரு விண்மீனின் முகத்தில் பாதரசம் படிந்திருக்கிறது என்பதை மனிதன் எப்படி அறிந்தான், அறிந்ததைச் சரியாகப் பொருள்கொள்ள ஏன் மூன்று தலைமுறை தேவைப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால் வானவில் போன்ற நிறமாலை விரியும். அதன் ஊடே மெல்லிய கருங்கோடுகள் குறுக்கே நிற்கும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் கோடு வரையும் என்பதை 1859ஆம் ஆண்டையொட்டிக் கிர்க்காஃபும் புன்சனும் நிறுவினர். விண்மீன்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறிய இயலாது என்று 1835இல் பிரெஞ்சு மெய்யியலார் ஒகுஸ்ட் கோம்ட் உரைத்திருந்தார். கால் நூற்றாண்டுக்குள் அக்கூற்று பொய்த்தது. அதன்பின் விண்மீன்களின் கோடுகளைப் பட்டியலிடுவதே பல ஆய்வுக்கூடங்களின் அன்றாடப் பணியாயிற்று. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் அப்பணியைச் செய்தோருள் பெண்கள் பலர். அவருள் ஒருவரான அந்தோனியா மௌரி 1897இல் வெளியிட்ட பட்டியலில், வேட்டைநாய்க் கூட்டத்தைச் சேர்ந்த 'கோர் கரோலி' என்னும் விண்மீனில் சிலிக்கன் கோடுகள் வழக்கத்தினும் வலிமையாயிருப்பதைக் குறித்தார். வேதியியல் தனித்தன்மை உடைய விண்மீன்களின் வரலாறு அந்தக் குறிப்பிலிருந்து தொடங்குகிறது எனலாம். மௌரியின் நுணுக்கமான பகுப்பு முறை அவருடைய ஆய்வகத் தலைவருக்கு உவப்பாயில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். நுணுக்கம் வேலையைத் தாமதப்படுத்தும் என்பது தலைவர்களின் பழைய மனக்குறை.

உத்திரட்டாதி வடமீனின் முறை 1906இல் வந்தது. இங்கிலாந்தின் நார்மன் லாக்கியரும் அவருடைய உதவியாளர் பாக்சண்டாலும் விசித்திர நிறமாலை கொண்ட விண்மீன்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், இம்மீனின் நிறமாலையில் இன்னவென்று அறியவியலாத கோடுகள் பல உள்ளன என அறிவித்தனர். லாக்கியர் தமிழ் வாசகர்க்கு முற்றிலும் அயலார் அல்லர். 1871 திசம்பர் 12 அன்று நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைப்பைக் காண, அன்றைய சென்னை மாகாணத்துத் தென்கன்னட மாவட்டத்துப் பேக்கல் கோட்டைக்குக் கருவிகளோடு வந்திறங்கியவர் அவர். அதற்கு மூன்றாண்டு முன்பே ஞாயிற்றின் ஒளியில் எத்தனிமத்துக்கும் பொருந்தாத மஞ்சட்கோடு ஒன்றை ஆராய்ந்து, அது மண்ணுலகில் அறியப்படாத புதுத் தனிமத்தினது எனத் துணிந்து, ஹீலியம் என்று பெயருமிட்டார். பலர் நகைத்தனர். 1895இல் இராம்சே அத்தனிமத்தை இம்மண்ணிலேயே கண்டெடுத்தபோது நகைத்தோர் வாயடைத்தனர். அடையாளம் தெரியாத ஒரு கோட்டைப் பிழையென்று தள்ளலாகாது என்பதைத் தம் வாழ்நாளிலேயே மெய்ப்பித்துக் காட்டியவர் லாக்கியர். அத்தகையவர் கையில் இந்நிறமாலை கிட்டியது நற்பேறே.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் இரு வகையினர். பொருள் விளங்காத சொல் எதிர்ப்பட்டால் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி அச்சிடுவோர் ஒருசாரார்; விளங்கவில்லை என்று குறித்து, ஏட்டில் உள்ளவாறே தருவோர் மற்றொரு சாரார். பின்வருவோர்க்குப் பயன்படுபவர் இரண்டாம் வகையினரே. லாக்கியரும் பாக்சண்டாலும் செய்தது அத்தகைய பதிப்புப் பணி. எட்டாண்டு கழித்து, 1914இல், அவ்விளங்காக் கோடுகளுள் பெரும்பாலானவை மாங்கனீசுக்கு உரியவை எனப் பாக்சண்டாலே கண்டறிந்தார். முயல் கூட்டத்து மியூ என்னும் விண்மீனிலும் அதேபோன்ற கோடுகள் உள்ளதை அவர் சுட்டினார். ஒன்று எனில் விபத்து எனலாம். இரண்டு எனில் இனம் என்று ஐயுறலாம்.

இங்கே ஓர் இடர் குறுக்கிட்டது. ஒரு தனிமத்தின் கோடு வலிமையாகத் தெரிந்தால் அத்தனிமம் அங்கே மிகுதியாய் உள்ளது என்று பொருளா? அக்காலத்தில் இதற்கு விடை இல்லை. ஆய்வுக்கூடத்தில் சில கோடுகள் மின்வில்லின் ஒளியைவிட மின்பொறியின் ஒளியில் வலுத்துத் தோன்றுவதை லாக்கியர் அறிந்திருந்தார். வெப்பமிக்க விண்மீன்களில் அக்கோடுகளே ஓங்கி நிற்பதையும் கண்டார். மிகுவெப்பத்தில் அணுக்கள் தம்மினும் எளிய மூலப்பொருள்களாய்ச் சிதைகின்றன என்று அவர் கருதி, அவற்றுக்கு 'முன்-இரும்பு', 'முன்-மக்னீசியம்' என்றாற்போலப் பெயர்களும் புனைந்தார். கண்டது மெய்; கொண்ட பொருள்தான் பொருந்தவில்லை.

லாக்கியர் மறைந்த 1920ஆம் ஆண்டிலேயே பொருந்தும் விடை கல்கத்தாவிலிருந்து வந்தது. டாக்கா அருகே சிற்றூரொன்றில் எளிய குடும்பத்தில் பிறந்த மேகநாத் சாகா, அயனியாக்கச் சமன்பாட்டை அவ்வாண்டில் வெளியிட்டார். வெப்பம் மிகும்போது அணு சிதைவதில்லை. எலெக்ட்ரான் ஒன்றை இழந்து அயனியாகிறது. அயனி வரையும் கோடுகள் முழு அணு வரையும் கோடுகளினின்றும் முற்றிலும் வேறானவை. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதைச் சாகாவின் சமன்பாடு கணக்கிட்டுத் தரும். பொறியில் வலுக்கும் கோடுகள் என லாக்கியர் தொகுத்தவை அயனிகளின் கோடுகளே. அவ்வாண்டிலேயே இலண்டன் சென்ற சாகா பணியாற்றியது லாக்கியரின் மாணாக்கரான ஆல்பிரட் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்தில். ஆசான் விடுத்த புதிருக்கு மாணாக்கரின் கூடத்தில் இருந்து ஓர் இந்தியர் மெருகேற்றிய விடை, விண்மீன் நிறமாலைகள் அனைத்துக்கும் திறவுகோலாயிற்று. 1925இல் செசிலியா பெய்ன் அத்திறவுகோலைக் கொண்டே விண்மீன்களில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே பெரும்பங்கு என நிறுவினார். அது வேறொரு நெடுங்கதை. அதிலும் ஒரு பெண்ணின் முடிவு முதலில் ஏற்கப்படாமல் சில ஆண்டுகள் கழித்தே ஏற்கப்பட்டது.

சாகாவின் விளக்கம் உத்திரட்டாதி வடமீனின் புதிரை அவிழ்த்ததா? பாதியை அவிழ்த்தது, மறுபாதியை இறுக்கியது. அதன் கோடுகள் எலெக்ட்ரான் ஒன்றை இழந்த மாங்கனீசு வரைபவை என்பது தெளிவாயிற்று. ஆனால் வெப்பம் ஒன்றே காரணமெனின், அதே வெப்பமுடைய பிற விண்மீன்களிலும் அவை அவ்வாறே தோன்றவேண்டும். தோன்றவில்லை. 1931இல் யெர்க்சு வானாய்வகத்தின் வில்லியம் மார்கன் இம்மீனின் மாங்கனீசுக் கோடுகளைத் தனியே ஆராய்ந்ததோடு, அத்தகைய கோடுகள் உடைய விண்மீன்கள் மேலும் 12 இருப்பதையும் கண்டறிந்தார். பாக்சண்டால் ஐயுற்ற இனம் உறுதிப்பட்டது. மார்கன் பின்னாளில் விண்மீன் வகைப்பாட்டின் பேராசானாய் விளங்கியவர். ஒத்தவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி ஒவ்வாதது புலப்படாது என்னும் உண்மையை இவ்விடத்தில் அவர் பணி நன்கு காட்டுகிறது.

மாங்கனீசு இனங்காணப்பட்ட பின்னும் 3984 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒரு கோடு பலகாலம் பெயரின்றியே நின்றது. பற்பல விண்மீன்களின் பட்டியல்களில் அடையாளம் தெரியாதது என்ற குறிப்போடு அது இடம்பெற்றுவந்தது. 1960களின் தொடக்கத்தில் வில்லியம் பிடல்மன் அது அயனியான பாதரசத்தின் கோடு என்று காட்டினார். வியப்புக்குக் காரணம் பாதரசம் விண்ணில் இருந்தது அன்று, அதன் அளவே. ஞாயிற்றில் பாதரசம் மிக மிக அரிய தனிமம். இவ்வின விண்மீன்களிலோ அது பல்லாயிரம் மடங்கு மிகுந்துள்ளது. ஓநாய்க் கூட்டத்துக் கை என்னும் விண்மீனில் இலட்சம் மடங்கு அளவை எட்டுகிறது. இன்னும் வியப்பு, அவ்விண்மீனின் பாதரசம் ஏறத்தாழ முழுவதும் 204 என்னும் மிகக் கனமான ஓரிடத்தானாகவே இருப்பது. மண்ணுலகப் பாதரசத்தில் அவ்வகை நூற்றுக்கு ஏழளவே.

இத்துணைப் பாதரசம் எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த வழக்கு. இவ்வழக்கு அற்பமானதன்று. தனிமங்கள் எங்கே சமைக்கப்படுகின்றன என்னும் பெருவினாவுக்கு 1950களில் விடை தேடியோர் இவ்விசித்திர விண்மீன்களைச் சான்றாக அழைத்தனர். விண்மீனின் மேற்பரப்பிலேயே காந்தப்புலத்தின் வலிமையால் துகள்கள் முடுக்கப்பட்டு அணுக்கரு வினைகள் நிகழ்கின்றன என 1955இல் ஃபௌலர் என்னும் பெயருடைய மற்றொரு அறிஞரும் பர்பிட்ஜ் தம்பதியரும் முன்மொழிந்தனர். கோர் கரோலி போன்ற காந்த விண்மீன்களுக்கு அது பொருந்துவதாய்த் தோன்றிற்று. பாதரச-மாங்கனீசு விண்மீன்களிலோ அத்தகைய வலிய காந்தப்புலம் தென்படவில்லை. வேறு சிலர், அருகிலிருந்த இணைவிண்மீன் முதிர்ந்து, தான் சமைத்த கனத்த தனிமங்களை இதன்மேல் சொரிந்துவிட்டது என்றனர்.

இணை ஒன்று இருப்பது மெய்தான். 1902 முதல் 1904 வரை லோவல் வானாய்வகத்தின் வெஸ்டோ ஸ்லைஃபர் இம்மீன் நம்மை நோக்கியும் விலகியும் மாறிமாறி இயங்குவதைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியால் அளந்து, கண்ணுக்குப் புலனாகாத துணை ஒன்றோடு சுற்றிவருகிறது என முடிவு செய்தார். சுற்றுக்காலம் 96.7 நாள் என்பது பின்னர் வரையறுக்கப்பட்டது. அத்துணையைத் தனித்துக் காண 1988, 1989 ஆம் ஆண்டுகள் வரை காத்திருக்க நேர்ந்தது. மௌண்ட் வில்சன் மலையிலிருந்த 'மார்க் 3' குறுக்கீட்டுமானியால் சியாபெய் பான் குழுவினர் இரண்டையும் பிரித்தறிந்தனர். 1990களின் முற்பகுதியில் துணைமீனின் கோடுகளும் நிறமாலையில் அகப்பட்டன. அது வாழ்ந்து முடிந்து அவிந்த மீனன்று, ஞாயிற்றைப்போல் 1.85 மடங்கு நிறையுடன், 8,500 கெல்வின் வெப்பத்தில் இயல்பாய் ஒளிரும் இளைய மீன். கனத்த தனிமங்களைச் சமைத்துச் சொரியும் முதுமையை அது இன்னும் அடையவில்லை.

ஏற்கத்தக்க விடையை 1970இல் கனடாவின் ஜார்ஜ் மிஷோ அளித்தார். எதுவும் சமைக்கப்படவில்லை, எதுவும் சொரியப்படவும் இல்லை. உள்ளது பிரிந்து ஒதுங்கியிருக்கிறது என்பதே அவர் முடிபின் சாரம். விண்மீனின் ஈர்ப்பு ஒவ்வோர் அணுவையும் கீழே இழுக்கிறது. உள்ளிருந்து பொங்கிவரும் ஒளியோ தன்னை விழுங்கும் அணுவை மேலே தள்ளுகிறது. ஒளி மிகுந்துள்ள அலைநீளங்களில் கோடுகள் பல உடைய தனிமம் அடிக்கடி ஒளியை விழுங்கி மேலெழுகிறது, அவ்வாய்ப்பில்லாதது அமிழ்கிறது. தனிமம் அரியதாயிருப்பதும் ஒரு வாய்ப்பே. மிகுதியான தனிமத்தின் அணுக்கள் தமக்குரிய அலைநீள ஒளியைப் பங்கிட்டுத் தீர்த்துவிடுகின்றன. அரியதன் அணுக்களுக்கோ போட்டி குறைவு. பாதரசம் இத்துணை உயர்ந்ததற்கு அதன் வறுமையும் காரணமாயிற்று. ஹீலியம் அமிழ்ந்தது. லாக்கியர் பெயரிட்ட தனிமமே அவர் குறித்த விண்மீனின் முகத்தில் குறைந்து காணப்படுவது இதனால்தான்.

களத்துமேட்டில் தூற்றும்போது காற்று பதரை ஒருபால் ஒதுக்குகிறது, நெல் பெருகுவதில்லை. அதுபோன்றதே இதுவும். ஆனால் தூற்றுவதற்குச் சீரான காற்று வேண்டும். சூறை வீசினால் எல்லாம் கலந்துவிடும். விண்மீன் விரைந்து சுழன்றால் உள்ளோட்டங்கள் எழுந்து, பிரிந்தவற்றை மீண்டும் கலக்கிவிடும். இவ்வெப்ப நிலையிலுள்ள விண்மீன்கள் நொடிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் சுழல்வது இயல்பு. பாதரச-மாங்கனீசு விண்மீன்கள் பெரும்பாலும் மெல்லச் சுழல்பவை. உத்திரட்டாதி வடமீன் நொடிக்கு 50 கிலோமீட்டரைச் சற்றே விஞ்சிச் சுழல்கிறது. தன் இனத்துள் அது விரைவுடையதே. ஹீலியம் அமிழ்ந்துவிடுவதால் அதனைச் சார்ந்து எழும் கொந்தளிப்பும் அடங்கி, மேற்பரப்பு மேலும் அமைதி பெறுகிறது. ஆக, காணப்படும் பாதரசம் முகத்தளவில் படிந்ததொரு மென்படலம். விண்மீன் முழுமையும் பாதரசத்தால் ஆனதன்று. நிறமாலை பொய் சொல்லவில்லை. மேற்றோலைப் பற்றிச் சொன்னதை உயிர்ப்பொருள் முழுமைக்கும் ஏற்றிப் படித்ததே முந்தையோர் வழக்கின் குறை. 1974இல் ஜார்ஜ் பிரஸ்டன் இவ்விசித்திர விண்மீன்களை நான்கு வகையாகப் பகுத்தபோது, பாதரச-மாங்கனீசு இனம் மூன்றாம் வகையாய் இடம்பெற்றது.

அமைதியான முகம் என்னும் கொள்கைக்கும் ஒரு சோதனை வந்தது. பாதரசக் கோடு சிறிதே மாறுவதையும், அம்மாற்றம் 2.38 நாளுக்கு ஒருமுறை திரும்புவதையும் 2002இல் சால் அடெல்மனும் உடன்பணியாற்றியோரும் வெளியிட்டனர். அது விண்மீனின் சுழற்சிக் காலம். பாதரசம் முகமெங்கும் சமமாய்ப் பரவியிருக்கவில்லை, திட்டுத்திட்டாய் நிற்கிறது. திட்டு ஒன்று சுழற்சியால் நம்மை நோக்கி வரும்போது கோட்டின் நீலப்பக்கத்திலும், விலகும்போது செம்பக்கத்திலும் சிறு வடுவை உண்டாக்கும். வடுக்களின் நகர்வைத் தொகுத்தால் முகத்தின் வரைபடமே கிடைக்கும். தொலைநோக்கியில் வெறும் புள்ளியாய்த் தெரியும் ஒன்றுக்கு வரைபடம் தீட்டும் இக்கலை, நிறமாலையைப் படிக்கும் கலையின் உச்சங்களுள் ஒன்று.

ஓலெக் கோச்சுகோவ் தலைமையிலான குழு ஏழாண்டு இடைவெளியில் பெற்ற நிறமாலைகளைக் கொண்டு இத்தகைய வரைபடங்களை ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டது. பாதரசத் திட்டுகள் இடமும் வடிவும் மாறியிருந்தன. நில்லாமல் கலையும் முகில்களுக்கே அவற்றை அவர்கள் ஒப்பிட்டனர். காந்த விண்மீன்களில் திட்டுகள் பல்லாண்டு அசையாமல் நிற்பவை. அவற்றைக் காந்தப்புலம் பிணித்து வைத்திருக்கிறது. இங்கே அத்தகைய புலம் தேடப்பட்டும் கிடைக்கவில்லை. ஒளியின் உந்தலும் ஈர்ப்பின் இழுப்பும் ஏறத்தாழச் சமமாய் நிற்கும் மெல்லிய அடுக்கில் பாதரசம் மிதப்பதால், சிறிய குலைவும் அதனைப் பெயர்த்துவிடும் என்பது அக்குழுவினர் கருத்து. 2010இல், தென்வானத்துப் பீனிக்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த அதே இனத்து விண்மீன் ஒன்றிலும் டைட்டானியம், ஸ்ட்ரான்சியம், இட்ரியம் ஆகியவற்றின் திட்டுகள் காலப்போக்கில் மாறுவது கண்டறியப்பட்டது.